‘ஆர்டர் ரிசீவ்ட்’ அழுத்துவதற்கு முன்

இணையத்தில் வாங்கிய பொருள் மாறி வந்தது, உடைந்து வந்தது, திருப்பி அனுப்பியும் பணம் வரவில்லை என்று கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கடைகளின் பெயர்களை நீக்கிவிட்டோம்.

கேள்வி: தீபாவளிக்காக 389 ரிங்கிட் கொடுத்து ‘பியூர் சில்க்’ என்று போட்டிருந்த சேலை வாங்கினேன். வந்திருப்பது பாலியஸ்டர். ரிஃபண்ட் கேட்டு ஆப்பில் போட்டுவிட்டேன். கடைக்காரரோ, “அக்கா, ரிக்வெஸ்டை கேன்சல் பண்ணிடுங்க, வாட்ஸாப்ல வாங்க, 150 வெள்ளி (ரிங்கிட்) டிரான்ஸ்ஃபர் பண்றேன், சேலையும் நீங்களே வச்சுக்கலாம்” என்கிறார். ஒத்துக்கொள்ளலாமா?
— வாசகி, செந்தூல்

பதில்: வேண்டாம். உங்கள் 389 ரிங்கிட் இன்னும் அவர் கைக்குப் போகவில்லை. அவர் அவசரப்படுவதற்குக் காரணமே அதுதான். ஷாப்பி, லசாடா, டிக்டாக் ஷாப் என எதில் வாங்கினாலும் பணத்தை முதலில் தளம்தான் பிடித்து வைத்திருக்கும். பொருள் கிடைத்தது என்று உறுதிசெய்யும் ‘ஆர்டர் ரிசீவ்ட்’ பட்டனை நீங்கள் அழுத்தினால் அல்லது கெடு முடிந்தால்தான் அது விற்பவருக்குப் போகும். ரிஃபண்ட் கேட்டதும் அந்தக் கடிகாரம் நின்றுவிடும். கேன்சல் செய்தால் மறுபடி ஓட ஆரம்பிக்கும். ஒருமுறை ரத்து செய்த கோரிக்கையை மீண்டும் திறக்க விடாத தளங்கள் உண்டு. 150 வெள்ளி வராவிட்டால் பிறகு கேட்க இடமிருக்காது. பாதிப் பணத்துக்குச் சம்மதமென்றால், அதையும் ஆப்புக்குள்ளேயே பகுதி ரிஃபண்டாக அவர் முன்வைக்கட்டும், நீங்கள் அங்கேயே ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் பட்டு விலை கொடுத்த சேலைக்கு 150 வெள்ளி என்பது அடிமாட்டு விலை.

இனி உங்கள் வழக்கின் பலத்தைப் பார்ப்போம். எல்லாம் விளம்பரத்தில் இருந்த வார்த்தையைப் பொறுத்தது. ‘பியூர் சில்க்’ என்று இருந்திருந்தால் வலுவான வழக்கு. ‘ஆர்ட் சில்க்’ என்று இருந்திருந்தால் அது செயற்கைப் பட்டு, அவர் சொன்னதைத்தான் அனுப்பியிருக்கிறார். ‘சாஃப்ட் சில்க்’ இரண்டுக்கும் நடுவே வழுக்கும் சொல், அதற்கு ‘மெட்டீரியல்’ என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்தை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுங்கள்: தலைப்பு, மெட்டீரியல் வரி, விலை, கடைப் பெயர், எல்லாம். புகார் வந்ததும் விளம்பரத்தைத் திருத்திவிடும் கடைகள் நிறைய.

துணி பட்டா இல்லையா என்பதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. முந்தானைக் குஞ்சத்தில் தானாகப் பிரிந்து தொங்கும் ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டுங்கள். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும். இதை ஒரே வீடியோவாக எடுத்து இணையுங்கள். கத்தரிக்கோலால் சேலையில் கை வைக்க வேண்டாம். ஃபால்ஸ் அடித்துவிட்டாலோ, பிளவுஸ் துணியை வெட்டிவிட்டாலோ, தண்ணீரில் நனைத்துவிட்டாலோ, மாறி வந்த பொருளே ஆனாலும் திருப்பித் தரும் உரிமை ஆட்டம் கண்டுவிடும்.

கோரிக்கையில் காரணம் தேர்ந்தெடுக்கும் இடத்தில் ‘விவரித்தபடி இல்லை’ என்பதையே தொடுங்கள். ‘மனம் மாறிவிட்டது’ என்பதைத் தொட்டால் தளம் வேறு விதிகளை எடுத்துக்கொள்ளும், திருப்பி அனுப்பும் செலவு உங்கள் தலையில் விழலாம். நிறம் கொஞ்சம் மங்கல், படத்தில் பளபளவென்று இருந்தது போன்ற குறைகளைச் சேர்த்து எழுதாதீர்கள். வெளிச்சத்தைக் காரணம் காட்டி அவற்றை எளிதாகத் தள்ளிவிடலாம், கூடவே நல்ல வாதமும் அடிபடும். ‘பியூர் சில்க் என்று விற்றது, வந்தது பாலியஸ்டர், வீடியோ இணைப்பில்’ என்ற ஒரு வரி போதும்.

கேள்வி: சென்னைக் கடை ஒன்றிடமிருந்து இணையச் சந்தை மூலம் 750 வாட் மிக்ஸி வாங்கினேன். பிளக் உருண்டைக் கம்பியாக இருக்கிறது, நம் ஊர் சுவிட்சில் நுழையவில்லை. ‘பத்து வெள்ளிக்கு அடாப்டர் வாங்கிப் போடுங்கள், இல்லையென்றால் உங்கள் செலவில் இந்தியாவுக்கு அனுப்புங்கள்’ என்கிறார்கள்.
— வாசகர், புக்கிட் மெர்தாஜம்

பதில்: முதலில் மிக்ஸியின் அடியில் உள்ள தகட்டைப் பாருங்கள். 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் மோட்டாருக்கு நம் ஊர் மின்சாரம் ஒத்துப்போகும். 110 வோல்ட் என்றிருந்தால் அது வேறு நாட்டுக்குச் செய்தது. சொருகிய சில நொடிகளில் காயில் கருகிவிடும், சோதித்துக்கூடப் பார்க்காதீர்கள்.

230 வோல்ட் ஆனாலும் அடாப்டர் யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. நம் ஊர் 13 ஆம்பியர் சதுர முனை பிளக்கின் உள்ளே ஃபியூஸ் உண்டு. மலிவான பயண அடாப்டர் பலவற்றில் ஃபியூஸ் இருக்காது, எர்த் முனை வெறும் பிளாஸ்டிக்காக இருக்கும். மிக்ஸியோ உளுந்தும் தேங்காயும் தண்ணீரோடு அரைபடும் கருவி. எர்த் இல்லாமல் ஈரக் கையோடு தொடுவதற்கு அது ஏற்றதல்ல. தவிர, மலேசியாவில் விற்கப்படும் இத்தகைய வீட்டு மின்கருவிகளுக்கு எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதலும், தரச் சான்று தரும் நிறுவனமான சிரிம்மின் முத்திரையும் வேண்டும். முத்திரை இல்லை என்றால் அதைப் படமெடுத்து ரிஃபண்ட் கோரிக்கையில் சேருங்கள். ‘பிளக் நுழையவில்லை’ என்பதைவிட இது கனமான காரணம்.

ஒரு எச்சரிக்கை. ‘இந்தியா பிளக்’ என்று விளம்பரத்தில் தெளிவாகப் போட்டிருந்தால், பிளக்கை வைத்து ‘விவரித்தபடி இல்லை’ என்று வாதாட முடியாது. அப்போது முத்திரையை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவுக்கு அனுப்புவதைப் பொறுத்தவரை, சாட்டில் கடைக்காரர் தரும் முகவரிக்கு எதையும் அனுப்பாதீர்கள். கோரிக்கை ஏற்கப்பட்டதும் ஆப்பில் ஒரு லேபல் அல்லது குறியீடு வரும், அதில் உள்ள முகவரிக்கு மட்டுமே பொருள் போக வேண்டும். வெளிநாட்டுக் கடைகளுக்கும் உள்நாட்டுக் கிடங்கு முகவரி வருவது சகஜம். லேபல் இல்லாமல் அனுப்பிய பார்சலைத் தளம் கணக்கில் எடுக்காது.

பணம் திரும்பும்போது ரசீதை ஒருமுறை கூட்டிப் பாருங்கள். 2024 ஜனவரி 1 முதல், வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருட்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி சேர்கிறது. நீங்கள் கட்டியது பொருளின் விலையும் வரியும் சேர்ந்த தொகை. திரும்பி வருவதும் அதுவாகவே இருக்க வேண்டும்.

கேள்வி: மாறி வந்த கைத்தொலைபேசியைத் திருப்பி அனுப்பினேன். ‘பெட்டி காலியாக வந்தது’ என்று கடை சொல்கிறது. எப்படி நிரூபிப்பது?
— வாசகர், செராஸ்

பதில்: அனுப்பிய கூரியர் கவுண்டரின் ரசீது வைத்திருக்கிறீர்களா? அதில் எடை அச்சாகியிருக்கும். கைத்தொலைபேசி உள்ள பெட்டியைவிடக் காலிப் பெட்டியின் எடை நன்றாகவே குறைவாக இருக்கும். அந்த ரசீதையும், கூரியர் டிராக்கிங் பக்கத்தில் எடை காட்டினால் அதையும் மேல்முறையீட்டில் போடுங்கள். ரசீதே வாங்காமல் போட்டுவிட்டு வந்திருந்தால், கூரியர் நிறுவனத்திடம் கன்சைன்மென்ட் எண்ணைக் கொடுத்து, எடுத்துக்கொண்டபோது பதிவான எடையை எழுத்தில் கேளுங்கள். வழியில் யாராவது பிரித்திருந்தால் எந்த மையத்தில் எடை குறைந்தது என்பதும் அதில் தெரியலாம்.

இனி அனுப்புகிறவர்களுக்கு: பிரிக்கும்போது ஒரு வீடியோ, கட்டும்போது ஒரு வீடியோ. பிரிக்கும் வீடியோ டேப் ஒட்டியபடி இருக்கும் பார்சலில் தொடங்கட்டும். லேபலில் உள்ள எண் வாசிக்கும்படி தெரியட்டும், ஆறு பக்கமும் திருப்பிக் காட்டி, அதன் பிறகே கத்தி. நடுவில் நிறுத்தி மறுபடி எடுத்த வீடியோ பாதி மதிப்புதான். கட்டும் வீடியோவில் சீரியல் எண், கைத்தொலைபேசி என்றால் அதன் தனி அடையாளமான ஐ.எம்.இ.ஐ. எண், அது பெட்டிக்குள் போவது, டேப் ஒட்டுவது, திரும்பும் லேபல் ஒட்டுவது வரை வரட்டும். ஆர்டர் எண் எழுதிய ஒரு தாளையும் உள்ளே போடுங்கள். கிடங்கில் லேபல் கிழிந்தால் அதுதான் அடையாளம்.

கைத்தொலைபேசியில் பலர் தவறவிடுவது ஒன்று உண்டு. உங்கள் ஆப்பிள் ஐடியோ கூகுள் கணக்கோ அதில் ஏறியிருந்தால் வெளியேறிய பிறகே அனுப்புங்கள். கணக்குப் பூட்டோடு போன கருவியைக் கடை விற்க முடியாது. அதைச் சொல்லியே ரிஃபண்டை மறுப்பார்கள், அந்த மறுப்பில் நியாயமும் இருக்கும்.

கேள்வி: ஏர் ஃபிரையர் வாங்கி ‘ஆர்டர் ரிசீவ்ட்’ அழுத்தி ஆறு வாரம் ஆகிறது. திடீரென்று சூடாவது நின்றுவிட்டது. ‘வாரண்டி ஏழு நாள்தான், நோ ரிஃபண்ட்’ என்கிறது கடை. ஆப்பிலும் கெடு முடிந்துவிட்டது. கடை கிள்ளானில் பதிவானது. இனி வழி இல்லையா?
— வாசகி, பிரிக்பீல்ட்ஸ்

பதில்: இருக்கிறது. ஆனால் இதுவரை பணம் தளத்தின் கையில் இருந்தது, இப்போது கடையின் கையில். ஆகவே ஆப்பில் உள்ள ரிஃபண்ட் பட்டன் உதவாது, சட்டம்தான் உதவும்.

1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 32-ஆவது பிரிவு, விற்ற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. நீடித்து உழைப்பதும் அந்தத் தரத்தில் அடங்கும். ஆறு வாரத்தில் சூடாகாத ஏர் ஃபிரையர் அந்தத் தரத்தில் இல்லை. ‘ஏழு நாள்’, ‘நோ ரிஃபண்ட்’ என்று கடை எதை எழுதி ஒட்டினாலும் இந்த உரிமையை அது பறிக்காது. 6-ஆவது பிரிவு அதைத் தெளிவாகவே சொல்கிறது. சரிசெய்யக்கூடிய பழுதானால் கடைக்குப் பழுதுபார்க்கவோ, மாற்றித் தரவோ, பணம் தரவோ ஒரு வாய்ப்பு கொடுக்க வேண்டும். முதலிலேயே ‘காசு மட்டும்தான் வேண்டும்’ என்று நின்றால் அதைக் காட்டியே தப்பித்துக்கொள்வார்கள்.

எனவே ஆப் சாட்டிலும் மின்னஞ்சலிலும் ஒரே கடிதம் அனுப்புங்கள்: வாங்கிய தேதி, ஆர்டர் எண், தொகை, என்ன பழுது, ‘14 நாளுக்குள் சரிசெய்யுங்கள் அல்லது பணத்தைத் திருப்புங்கள், இல்லையேல் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் மனு செய்வேன்’. மலாயில் எழுதினால் பிறகு அப்படியே மன்றத்தில் வைக்கலாம்.

14 நாள் கழிந்தும் அசையவில்லை என்றால் தி.தி.பி.எம். என்று அழைக்கப்படும் அந்த மன்றத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட். கோரிக்கை 50,000 ரிங்கிட் வரை இருக்கலாம், பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும். இரு தரப்பிலும் வழக்கறிஞர் வர முடியாது, எனவே கடைக்காரரும் உங்களைப் போலவே தனியாக வந்து உட்கார வேண்டும். படிவம் 1-ஐ இணையத்திலேயே நிரப்பலாம். கடை தன் எதிர்வாதத்தைப் படிவம் 2-இல் 14 நாளுக்குள் தர வேண்டும்.

மனுக்கள் சறுக்கும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான், எதிர்தரப்பின் பெயர். ஆப்பில் தெரியும் கடைப் பெயருக்கு எதிராக மனு போட்டு வென்றால், அந்தத் தீர்ப்பை யார் மீது நிறைவேற்றுவது? இன்வாய்ஸில் உள்ள பதிவு எண்ணை எடுத்து, நிறுவனப் பதிவகமான எஸ்.எஸ்.எம். தளத்தில் சிறு கட்டணம் கட்டித் தேடினால் உரிமையாளர் பெயரும் பதிவு முகவரியும் கிடைக்கும். அதையே படிவத்தில் எழுதுங்கள். இணையத்தில் விற்பவர் தன் பெயர், பதிவு எண், தொலைபேசி, முகவரி ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்பது 2013-இலிருந்தே விதி. இன்வாய்ஸில் எதுவுமே இல்லையென்றால் அதுவே தனியாக ஒரு புகார்.

விசாரணை நாளில் ஏர் ஃபிரையரையே தூக்கிக்கொண்டு போங்கள். சாட், ரசீது, பணம் கட்டிய சான்று அனைத்தையும் அச்சடித்து, தேதி வரிசையில் அடுக்கி எடுத்துச் செல்லுங்கள். கைத்தொலைபேசியைத் தள்ளித் தள்ளிக் காட்டுவதை யாரும் ரசிப்பதில்லை. தமிழில் பேசிய சாட் என்றால் ஓரத்தில் மலாய்ப் பொருளை எழுதிவிடுங்கள். நீங்கள் வராவிட்டால் மனு தள்ளுபடியாகும். கடை வராவிட்டால் உங்கள் பக்கமே தீர்ப்பு வரலாம். தீர்ப்பு வந்தும் 14 நாளுக்குள் பணம் கட்டாமல் இருப்பது குற்றம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உள்நாட்டு வாணிப அமைச்சில், அதாவது கே.பி.டி.என்.-இல், 1-800-886-800 எண்ணிலோ 019-848 8000 வாட்ஸாப்பிலோ புகார் தரலாம். பொய் விளம்பரம், விவரம் மறைத்த கடை ஆகியவற்றின் மீது அதிகாரிகள் நடவடிக்கை எடுப்பார்கள். ஆனால் உங்கள் பணத்தைத் திருப்பித் தரச்சொல்லி ஆணையிடுவது மன்றத்தின் வேலை. இரண்டையும் செய்யலாம், முதலாவதை மட்டும் செய்துவிட்டுக் காசுக்குக் காத்திருக்கக் கூடாது. பினாங்கில் இருப்பவர்கள் படிவத்தில் தடுமாறினால், ஜாலான் மஸ்ஜித் நெகிரியில் உள்ள பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம்.

கேள்வி: முகநூல் குழுவில் பழைய கைத்தொலைபேசி ஒன்றுக்கு 1,200 ரிங்கிட்டை டுவிட்நவ் என்ற உடனடி வங்கிப் பரிமாற்றம் வழியாக அனுப்பினேன். பார்சலில் சோப்புக் கட்டி.
— வாசகர், பட்டர்வொர்த்

பதில்: இது ரிஃபண்ட் விவகாரம் அல்ல, மோசடி. பணம் போன அன்றே, முடிந்தால் அந்த மணி நேரத்திலேயே, தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் 997-ஐ அழையுங்கள். பணம் இன்னொரு கணக்குக்குத் தாவுவதற்குள் அதை முடக்க முயல்வார்கள். உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்கும் சொல்லுங்கள். பிறகு எந்த நிலையத்திலும் போலீஸ் ரிப்போர்ட் செய்யலாம். பெறுநரின் கணக்கு எண், பரிமாற்ற எண், நேரம், முகநூல் பக்கத்தின் இணைப்பு, பார்சல் லேபல், சோப்புக் கட்டியின் படம் எல்லாம் அதில் வரட்டும்.

நேரடியாகவே சொல்கிறோம், டுவிட்நவ்வில் அனுப்பிய பணத்தை வங்கி தானாகத் திரும்ப இழுக்க வழி கிடையாது. நாள் கடந்துவிட்டால் வாய்ப்பு மிகக் குறைவு. தன் சொந்தப் பழைய பொருளை விற்கும் தனிநபர் வியாபாரி அல்ல என்பதால் பயனீட்டாளர் மன்றமும் இங்கே உதவாது. ஆளின் பெயரும் முகவரியும் தெரிந்தால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை வழக்கு ஒன்றுதான் மிச்சம். அடுத்த முறை பணம் அனுப்பும் முன், மோசடிப் புகார் வந்த கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் அந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பாருங்கள். அதில் ஒன்றும் வராததால் ஆள் நல்லவர் என்று அர்த்தமில்லை, வந்தால் மட்டும் உறுதியாக விலகுங்கள்.

கேள்வி: இணையச் சந்தையில் இல்லாத, தனித் தளம் வைத்திருக்கும் கடை ஒன்றில் கிரெடிட் கார்டில் வாங்கினேன். தவறான பொருள் வந்தது, பதிலே இல்லை.
— வாசகி, ஜெலுத்தோங்

பதில்: கார்டில் கட்டியது நல்லதாயிற்று. கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பக் கோரும் ‘சார்ஜ்பேக்’ படிவத்தை வங்கியில் கேளுங்கள். விசா, மாஸ்டர்கார்டு விதிகளில் பொதுவாக 120 நாள் வரை இடமுண்டு. ஆனால் வங்கி தன் வேலைக்கும் நேரம் எடுக்கும் என்பதால் ஸ்டேட்மென்ட் வந்த கையோடு போடுங்கள். தவறான பொருள் என்ற காரணத்துக்கு, நீங்கள் அதைத் திருப்பித் தர முயன்ற சான்றையும் கேட்பார்கள். எனவே முதலில் ‘பொருளை எங்கே அனுப்பட்டும்?’ என்று கடைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். பதில் வராததே சான்றாகிவிடும். வங்கி மறுத்தால் அதன் இறுதிப் பதிலிலிருந்து ஆறு மாதத்துக்குள், வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் இடையிலான தகராறுகளைத் தீர்க்க 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஓம்புட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். கட்டணம் இல்லை.

கேள்வி: ரிஃபண்ட் ‘கம்ப்ளீட்டட்’ என்று காட்டுகிறது, வங்கியில் காசு இல்லை. இதற்கிடையில் ‘கஸ்டமர் சர்வீஸ்’ என்று ஒருவர் அழைத்து, பரிமாற்றத்தை உறுதிசெய்ய வங்கி அனுப்பும் டி.ஏ.சி. எண்ணைக் கேட்டார்.
— வாசகர், கெப்போங்

பதில்: எண்ணைக் கொடுக்காமல் துண்டித்திருந்தால் சரி. பணம் உள்ளே வருவதற்கு டி.ஏ.சி. தேவையே இல்லை, வெளியே போவதற்குத்தான் தேவை. ஏதாவது ஃபைல் அனுப்பி ‘இன்ஸ்டால் பண்ணுங்கள்’ என்றாலும் அதே மோசடிதான். கொடுத்துவிட்டீர்கள் என்றால் உடனே வங்கிக்கும் 997-க்கும் அழையுங்கள்.

காசைப் பொறுத்தவரை, ஆர்டர் பக்கத்தில் ரிஃபண்ட் எங்கே போனது என்ற வரியைப் பாருங்கள். இணைய வங்கி வழியாகக் கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் தளத்தின் சொந்த வாலட்டில்தான் விழும், அங்கிருந்து நீங்கள் எடுக்க வேண்டும். கார்டுக்குப் போயிருந்தால் ஒன்றிரண்டு வாரம் ஆகலாம், அடுத்த ஸ்டேட்மென்ட்டில் தெரியும். வவுச்சரில் கழிந்த தொகை காசாகத் திரும்பாது.

கேள்வி: வயதான அம்மா வீட்டில் தனியாக இருந்தபோது, யாரும் ஆர்டர் செய்யாத சி.ஓ.டி. (பொருள் வந்ததும் பணம் கொடுக்கும்) பார்சலுக்கு 79 ரிங்கிட் கொடுத்துவிட்டார்.
— வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: லேபலைக் கிழிக்காமல் படமெடுங்கள். அதில் உள்ள கன்சைன்மென்ட் எண்ணோடு கூரியர் நிறுவனத்தில் அன்றே புகார் செய்து, அனுப்பியவருக்குப் போக வேண்டிய தொகையை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். வசூலான பணம் கூரியரிடமிருந்து அனுப்பியவருக்குப் போய்ச் சேர்வதற்குள் கேட்டால்தான் பலன். கே.பி.டி.என்.-க்கும் ஒரு புகார். வீட்டில் இருப்பவர்களிடம் ‘பிள்ளை சொல்லாமல் காசு கொடுக்க வேண்டாம், பார்சலைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்’ என்று சொல்லி வையுங்கள். மறுப்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: சரியான சட்டைதான் வந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஏழு நாளில் திருப்பித் தர சட்டம் இருக்கிறதாமே?
— வாசகர், பங்சார்

பதில்: இணையத்தில் வாங்கும் பொருளுக்கு மலேசியாவில் அப்படிச் சட்டம் இல்லை. தளமோ கடையோ தன் விருப்பத்தில் அனுமதித்தால் உண்டு. விலைச்சீட்டை வெட்டாமல், ஆர்டர் பக்கத்தில் ‘ரிட்டர்ன்’ பட்டனுக்குப் பக்கத்தில் உள்ள கடைசித் தேதியைப் பாருங்கள்.